35 எச்.பி. கூட்ட எந்த நைட்ரஸ் ஜெட்? பாளையங்கோட்டை வெயிலையும் சேர்த்து ஒரு கணக்கு

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருந்து கேட்கிறேன். என்னிடம் பழைய 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் 100 எச்.பி. கோவையில் நேர்கோட்டு டிராக் ரேஸ் ஓட்டுவதற்காக, எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் நைட்ரஸ் ஆக்சைடையும் பெட்ரோலையும் ஒரே நாசில் வழியே சேர்த்துத் தெளிக்கும் வெட் கிட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கூட வந்த அட்டையில் 50 எச்.பி.க்கு நைட்ரஸ் ஜெட் (பாய்ச்சலை அளந்துவிடும் துளையுள்ள சிறு துண்டு) 38, பெட்ரோல் ஜெட் 20, பெட்ரோல் அழுத்தம் 43 பி.எஸ்.ஐ. என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு 40 எச்.பி. ஏறினால் போதும். எந்த ஜெட் வாங்க?

பதில்:

நேர் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. 40-ஐ மறந்துவிட்டு 25-ல் தொடங்குங்கள். அளவெல்லாம் சரியாக வந்தால் 35-க்குப் போய் அங்கேயே நில்லுங்கள். உங்கள் அட்டைக்கும், இப்போது பங்கில் கிடைக்கிற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 25 எச்.பி.க்கு நைட்ரஸ் 26, பெட்ரோல் 15. 35 எச்.பி.க்கு நைட்ரஸ் 31, பெட்ரோல் 18. ஆனால் பாட்டிலில் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும்போதுதான் இந்த எண்களுக்கு மதிப்பு. சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் பாதி வேலை. அதனால் ஜெட் கணக்கைச் சொல்லிவிட்டு வெயில் கணக்குக்கு வருகிறேன்.

ஜெட்டின் மேல் வெட்டியிருக்கும் எண் துளையின் விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்று பொருள். 0.0254-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும். 38 என்றால் 0.97 மி.மீ. பைக் கார்புரேட்டரில் பழகிய கைகள் இங்கே தடுமாறும். கெய்ஹின் மெயின் ஜெட்டில் 100 என்றால் 1 மி.மீ. துளை, மிக்குனியின் எண் துளையைச் சொல்வதில்லை, எவ்வளவு பாய்கிறது என்பதைச் சொல்கிறது, அதே 1 மி.மீ. துளைக்கு நைட்ரஸ் ஜெட்டில் எண் 39. மூன்றும் மூன்று பாஷை. ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

பாய்ச்சல் விட்டத்தைப் பொறுத்ததல்ல, துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே எச்.பி. பாதியானால் ஜெட் எண் பாதியாகாது, 0.707 மடங்காகும். வழி இதுதான்: வேண்டிய எச்.பி.யை அட்டையில் உள்ள எச்.பி.யால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதனால் இரண்டு ஜெட் எண்களையும் பெருக்குங்கள். 35-ஐ 50-ஆல் வகுத்தால் 0.7, அதன் வர்க்கமூலம் 0.837. நைட்ரஸ் 38 இப்போது 31.8 ஆகிறது, பெட்ரோல் 20 என்பது 16.7 ஆகிறது. நைட்ரஸைக் கீழ்ப்பக்கமாகவும் பெட்ரோலை மேல்பக்கமாகவும் முழு எண்ணாக்குங்கள்: 31, 17. மாற்றிச் செய்தால் தவறு லீன் (பெட்ரோல் குறைந்த கலவை) பக்கம் விழும். லீனில் விழுகிற தவறுக்கு பிஸ்டன்தான் விலை.

இந்த 17 எப்படி 18 ஆனது? அந்த அட்டை எத்தனால் கலக்காத பெட்ரோலை மனதில் வைத்து எழுதியது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். மறுபக்கமாகச் சொன்னால், அதே ஆக்சிஜனுக்கு இ20 எட்டு சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். விட்டத்தில் அது 4 சதவீதம்: 16.7 என்பது 17.4 ஆகிறது, மேல்பக்கம் 18. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய காரின் ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சென்சரைப் பார்க்காமல் மனப்பாடக் கணக்கில்தான் ஊற்றும், அந்த மனப்பாடம் இ20 வருவதற்கு முந்தையது. அதனால் நைட்ரஸ் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே உங்கள் வண்டி முழு த்ராட்டிலில் லீனாக ஓடிக்கொண்டிருக்கலாம். கலவையை அளக்கும் வைட்பேண்டு மீட்டர் மாட்டி முதலில் அதைப் பாருங்கள். நைட்ரஸ் இல்லாமலே லாம்டா (அந்த மீட்டர் காட்டும் எண்; 1 என்றால் சரிக்குச் சரி, ஏறினால் லீன்) 0.90-க்கு மேல் நின்றால் அதைச் சரிசெய்யாமல் ஜெட்டைப் பற்றிப் பேசிப் பலனில்லை.

சின்ன ஜெட்டில் ஓர் எண் என்பது சின்ன விஷயமல்ல. 38-லிருந்து 39-க்குப் போனால் பாய்ச்சல் 5 சதவீதம் கூடும். 14-லிருந்து 15-க்குப் போனால் 15 சதவீதம் கூடும். வி8 எஞ்சினுக்கு 150 எச்.பி. போடுகிறவர் ஒரு எண் தவறினால் தப்பிக்கலாம். நம்மைப் போல 25, 35 போடுகிறவர்களுக்கு பெட்ரோல் ஜெட்டில் ஒரு எண்தான் ரிச்சுக்கும் (பெட்ரோல் மிகுந்த கலவை) லீனுக்கும் நடுவே உள்ள வரப்பு. அதனால்தான் ஜெட்டை ஊசி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யக் கூடாது, துளையிட்டுப் பெரிதாக்கவும் கூடாது. 17-ன் துளை 0.43 மி.மீ.; அதில் கம்பி நுழைத்து ஒரு சுற்று சுற்றினால் அது 17 இல்லை. கார்ப் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். துளை வாயில் இருக்கும் சரிவு கூட பாய்ச்சலை மாற்றும் என்பதால், வேறு கம்பெனி ஜெட்டை எண் ஒன்றுதானே என்று கலக்காதீர்கள்.

அட்டை சொல்லும் பெட்ரோல் அழுத்தம் 43 பி.எஸ்.ஐ., அதாவது 3 பார். உங்கள் வண்டியின் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) 4 பார் இருந்தால் அதே ஜெட் 15 சதவீதம் அதிகம் ஊற்றும், ஏனென்றால் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. அப்போது 18-க்குப் பதில் 17. ஊகிக்காதீர்கள், ரெயிலில் கேஜ் மாட்டி அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது வண்டி நின்றுகொண்டு ஐடிலில் இருக்கும் கணக்கு வேண்டாம்; முழு மிதியில் அழுத்தம் 2, 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்குகிறதா என்பதே கேள்வி. இறங்கினால் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருக்கிறது. நைட்ரஸ் திறந்த நொடியில் அது இன்னும் இறங்கும்.

ஏன் 40 வேண்டாம் என்கிறேன் என்றால், நைட்ரஸ் எஞ்சின் சுற்றைப் பார்த்து வருவதில்லை. சோலனாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) திறந்தால் நொடிக்கு இத்தனை கிராம் என்று ஒரே சீராகக் கொட்டும். 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிடைக்கும் பங்கு, 6000-ல் கிடைப்பதைப் போல இரட்டிப்பு. 40 எச்.பி.யை டார்க்காக மாற்றினால் 6000-ல் 47 நியூட்டன் மீட்டர், 3000-லோ 95. உங்கள் எஞ்சினின் சொந்த டார்க்கே 125, 130 அளவில்தான் இருக்கும். அதன் மேல் ஒரே நொடியில் 95 ஏறினால் கனெக்டிங் ராடு வளையும், கிளட்ச் வழுக்கும். 35 எச்.பி.யை 4000-க்கு மேல் திறந்தால் 62 நியூட்டன் மீட்டர்தான். ஆகவே விண்டோ சுவிட்ச் கட்டாயம்: 4000-ல் திறந்து, ரெவ் லிமிட்டருக்கு 300 ஆர்.பி.எம். முன்பே மூட வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும், நைட்ரஸை வெட்டாது. அந்த அரை நொடி போதும் பிஸ்டன் ஓட்டையாக.

இப்போது வெயிலுக்கு வருவோம். நைட்ரஸ் பாட்டிலுக்குள் திரவமும் அதன் மேல் ஆவியும் இருக்கும். அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. 21 டிகிரியில் 760 பி.எஸ்.ஐ., 27-ல் 865, 32-ல் 985. அட்டை எழுதியவர் நினைத்த 900-950 என்பது 28 முதல் 31 டிகிரி வரை உள்ள சின்ன இடைவெளி. குளிர்நாட்டுக்காரர்கள் இதை எட்டுவதற்குப் பாட்டிலுக்கு ஹீட்டர் போர்வை சுற்றுகிறார்கள். உங்கள் கிட்டிலும் அது இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் ஒருநாள் பயன்படும். நமக்குத் தேவை குளிர்விப்பது.

36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் எந்த அழுத்தத்திலும் திரவமாக நிற்காது. பாளையங்கோட்டையில் மே மாதப் பகலில் நிழலிலேயே 37-ஐத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் மூடி நிறுத்திய காரின் டிக்கி அதைவிட எத்தனையோ மேலே போகும். ஜெட் கணக்கு முழுவதும் திரவ நைட்ரஸ் ஜெட் வரை வந்து சேரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை நம் ஊர் மத்தியானத்தில் செல்லாது. 950-லிருந்து 1050-க்கு அழுத்தம் ஏறினால் நைட்ரஸ் கூடுதலாகப் பாயும், பெட்ரோல் அப்படியே நிற்கும்: கலவை லீன். அதற்கும் மேலே போனால் அடர்த்தி சரிந்து, ஒரு ஓட்டத்தில் ஒரு மாதிரியும் அடுத்த ஓட்டத்தில் வேறு மாதிரியும் பாயும். காலை ஆறு மணிக்கு அருமையாக ஓடிய அதே ஜெட் பதினொரு மணிக்கு நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்டுவது) கொடுப்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு ஜெட்டை மாற்றுகிறவர்கள் நோய்க்கு அல்ல, தெர்மாமீட்டருக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

முழுதாக நிரப்பிய பாட்டிலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 4.5 கிலோ பாட்டிலின் உள்கொள்ளளவு 6.7, 6.8 லிட்டர். வெப்பம் ஏற ஏறத் திரவம் உப்புகிறது. 32 டிகிரிக்குப் பக்கத்தில் அந்த 4.5 கிலோவும் பாட்டில் முழுவதையும் நிறைத்துவிடும், மேலே ஆவிக்கு இடமே இருக்காது. அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் தாவித் தாவி ஏறும். மேலே சொன்ன அழுத்தக் கணக்கு அங்கே பொருந்தாது. ஏறி ஏறி 3000 பி.எஸ்.ஐ. சுமாருக்கு வந்தால் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்தமும் வெளியேறும். கதவு மூடிய காருக்குள் அது நடந்தால் மூச்சுத் திணறும். ஆகவே நம் பக்கத்துக்கு 3.6 முதல் 3.8 கிலோ வரைதான் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பும் இடத்தில் தராசைப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் ஒரு ஓட்டத்துக்குச் செலவழிக்கப் போவது 150 கிராம்தான், ஆக இதுவே இருபது ஓட்டத்துக்கு மேல் வரும்.

குளிர்விக்க ஐஸ்கட்டியைக் கொட்டி 15 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் அழுத்தம் 700-க்குக் கீழே விழுந்து, கலவை ரிச்சாகி, வண்டி கரும்புகை விட்டுத் திக்கும். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் போர் தண்ணீர் பிடித்துத் தெர்மாமீட்டரை விடுங்கள். நம் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் 29, 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். மொட்டைமாடித் தொட்டி நீர் இதற்கு ஆகாது, அது வெந்நீர். வால்வை இறுக மூடி, வால்வுக் கழுத்து நனையாமல், பாட்டிலை 40 நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் 30-க்கு மேல் போனால் கைப்பிடி ஐஸ் போடுங்கள். எடுத்துத் துடைத்து மாட்டிய பின் நனைத்த சாக்கைச் சுற்றி வைத்தால் காற்றடிக்கிற நேரமெல்லாம் அது காக்கும். அழுத்த கேஜ் கண்ணில் படும்படி இருக்கட்டும். 950-க்கு மேல் முள் நின்றால் அந்த ஓட்டத்துக்கு நைட்ரஸ் வேண்டாம், சாதாரணமாக ஓட்டிவிட்டு வாருங்கள்.

கோவைக்கு ஆறேழு மணி நேரப் பயணம். இரவில் கிளம்புங்கள். பாட்டில் வால்வை மூடி, பைப்பில் மிச்சமிருப்பதைத் திறந்துவிட்டு, பாட்டிலைக் கட்டி உருளாமல் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதை நிழலுக்குக் கொண்டுபோவது. வண்டியில் மாட்டும்போது வால்வு முன்பக்கம் பார்க்க, பாட்டிலின் லேபிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் உறிஞ்சுக் குழாயின் வாய் அப்போதுதான் பின்பக்கம் அடியில் இருக்கும். வண்டி பாயும்போது திரவமும் அங்கேதான் ஒதுங்கும்.

பைப் சூடாக இல்லாவிட்டாலும் முதல் அரை நொடி ஆவிதான் வரும். அதற்குத்தான் பர்ஜ் வால்வு. ஓட்டத்துக்கு முன் வெண்புகை கெட்டியாக வரும்வரை ஓரிரு நொடி திறந்து மூடுங்கள். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பைப்பைக் கொண்டுபோனால் பர்ஜும் உதவாது.

ஜெட் சரியா என்பதை டைனோவுக்கு (வண்டியின் திறனை அளக்கும் மேடை) முன்பே தராசில் பார்த்துவிடலாம். பெட்ரோல் பக்கம் முதலில். நைட்ரஸ் வால்வு மூடியிருக்க, இக்னிஷன் காயிலின் கனெக்டரைக் கழற்றி, திறந்தவெளியில், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் வைத்து, நாசிலைக் கழற்றி ஒரு அளவுக் குடுவைக்குள் விடுங்கள். பம்ப் ஓட, பெட்ரோல் சோலனாய்டை மட்டும் 30 நொடி திறங்கள். 18 ஜெட்டும் 43 பி.எஸ்.ஐ.யும் என்றால் 95 முதல் 110 மி.லி. வர வேண்டும். 80 வந்தால் எங்கோ அடைப்பு: பெரும்பாலும் சோலனாய்டு வாயில் உள்ள சின்னச் சல்லடை, இல்லாவிட்டால் பிளம்பிங் டேப்பின் ஒரு துணுக்கு. ஃபிளேர் ஃபிட்டிங்கில் டேப் சுற்றுவது இங்கே பரவலாக இருக்கும் பழக்கம். அது கசிவைத் தடுப்பதில்லை, கிழிந்து ஜெட்டில் போய் உட்காருகிறது. நைட்ரஸ் பக்க ஃபிட்டிங்கில் கிரீஸ், எண்ணெய் எதுவும் படவே கூடாது. அழுத்தத்தில் நைட்ரஸோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

நைட்ரஸ் பக்கத்துக்கு மளிகைக் கடைத் தராசே போதும்: 15 கிலோ தாங்குகிற, 5 கிராம் வரை காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு. டைனோவில் ஓட்டுவதற்கு முன் பாட்டிலை எடைபோடுங்கள், மொத்தம் எத்தனை நொடி சோலனாய்டு திறந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி எடைபோடுங்கள். 31 ஜெட்டுக்கு 10 நொடிக்கு 115 முதல் 125 கிராம் குறைந்திருக்க வேண்டும். பர்ஜுக்குப் போனதைக் கழிக்க மறக்க வேண்டாம். 140, 150 என்று காட்டினால் பாட்டில் சூடாக இருந்திருக்கிறது, அல்லது ஜெட் 31 இல்லை.

இரண்டு எடையும் கைக்கு வந்தால் விகிதம் தெரிந்துவிடும். 30 நொடிக்கு 105 மி.லி. என்றால் 10 நொடிக்கு 35 மி.லி., எடையில் 26 கிராம். நைட்ரஸ் 120. 120-ஐ 26-ஆல் வகுத்தால் 4.6. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ மிச்சமில்லாமல் எரிய 9.6 கிலோ நைட்ரஸ் போதுமானது, இ20-க்கு 9-க்குச் சற்றுக் குறைவு. நாம் வேண்டுமென்றே அதில் பாதியில் நிற்கிறோம். மிச்சப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் விகிதம் 4.5 முதல் 5.5 வரை இருக்கட்டும். 6-ஐத் தாண்டினால் பெட்ரோல் ஜெட்டை ஒரு எண் ஏற்றாமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.

டைனோவில் லாம்டா 0.78 முதல் 0.82-க்குள் வரவேண்டும். 31-க்கும் 18-க்கும் அது 0.77 அளவில் நின்று எஞ்சின் கொஞ்சம் மந்தமாக இருந்தால் நைட்ரஸை 32 ஆக்குங்கள். பெட்ரோலை 17-க்கு இறக்க வேண்டாம். அந்த ஒரு எண் 11 சதவீதம், தாவல் பெரிது. நைட்ரஸில் ஒரு எண் 6, 7 சதவீதம்தான். இன்னொன்று, டைனோ காட்டுவது சக்கரத்தில் உள்ள திறன். எஞ்சினில் 35 ஏறினால் அங்கே 30 சுமாருக்குத்தான் தெரியும். ஐந்து குறைகிறதே என்று ஜெட்டை ஏற்றுவது நிறையப் பேர் செய்யும் பிழை.

பிளக்கும் டைமிங்கும் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) ஜெட் அளவின் பகுதிதான். நைட்ரஸ் கலந்தால் எரிவது வேகமாகும், அதனால் உச்ச அழுத்தம் பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். வி8-க்குச் சொல்லும் விதி 50 எச்.பி.க்கு ஒன்று, ஒன்றரை டிகிரி பின்னுக்கு என்பது. அது 300 எச்.பி. எஞ்சினில் ஆறில் ஒரு பங்கு ஏற்றுவதற்கான விதி. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. 25-க்கு 3 டிகிரி, 35-க்கு 4 டிகிரி பின்னுக்கு வைத்துத் தொடங்குங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்தது போடுங்கள். என்.ஜி.கே.யில் எண் ஏறினால் குளிர்ச்சி, போஷில் எண் இறங்கினால் குளிர்ச்சி. இதைத் தலைகீழாக வாங்கி வந்து சூடான பிளக்கை மாட்டியவர்கள் உண்டு. இடைவெளி 0.8 மி.மீ. போதும், கம்பெனியின் 1.1 இந்த அழுத்தத்தில் தீப்பொறியை அணைத்துவிடும். கூர்முனை பிளாட்டினம் வேண்டாம், சாதாரண நிக்கல் நல்லது. பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் ஊற்றுங்கள்.

முழு ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சினை உடனே அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பளபளக்கும் சின்ன வெள்ளி உருண்டைகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம், அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. தரைக் கம்பியின் நீல நிறம் முனையிலிருந்து பாதிக்கு மேல் அடிப்பக்கம் ஏறியிருந்தால் சூடு அதிகம். டைமிங்கை இன்னும் ஒரு டிகிரி இறக்குங்கள். நாலு பிளக்கையும் பாருங்கள். ஒரே நாசில் என்பதால் பெட்ரோல் நாலு பக்கமும் சமமாகப் பிரியும் என்ற உறுதி இல்லை, ஓரத்து சிலிண்டர் ஒன்று எப்போதும் கொஞ்சம் லீனாக இருக்கும். ஜெட்டை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிளக்தான், நாலின் சராசரி அல்ல. நாசிலை த்ராட்டில் பாடிக்கு 15 முதல் 20 செ.மீ. முன்னால், வளைவில் அல்லாமல் நேர்க்குழாயில் பொருத்தினால் வித்தியாசம் குறையும்.

வேலை தொடங்குமுன் கம்ப்ரெஷன் பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கிட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு முதலில் எஞ்சினைக் கவனியுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. இது பந்தயத் தடத்துக்கு மட்டும். நான்குவழிச் சாலையில் நாகர்கோவில் பக்கம் போய்ச் சோதித்துப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை இப்படி மாற்றுவதற்கே இடம் தருவதில்லை. 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி அங்கீகாரம் இல்லாத பாட்டிலை இங்கே நிரப்பக் கூடாது. வெளிநாட்டு முத்திரை மட்டும் உள்ள பாட்டில் என்றால் இதை முன்னாலேயே விசாரியுங்கள். ஆஸ்பத்திரி நைட்ரஸ் மருந்துப் பொருள், அதைத் திருப்பிவிடும் ஆளிடம் போகவே வேண்டாம். நீங்கள் பதியும் பிரிவில் நைட்ரஸ் அனுமதியா என்பதையும் பந்தய விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

வாங்க வேண்டிய ஜெட்: நைட்ரஸில் 24, 26, 28, 30, 31, 32. பெட்ரோலில் 14, 15, 16, 17, 18, 19. எல்லாம் கிட் போட்ட அதே கம்பெனியிடமிருந்து. 33-க்கு மேல் நைட்ரஸ் ஜெட் வாங்காதீர்கள், கையில் இருந்தால் போடத் தோன்றும். வந்ததும் இரண்டு வகையையும் தனித்தனி மாத்திரை டப்பாவில் போட்டு, பெட்ரோல் டப்பாவின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் தடவுங்கள். இரண்டு ஜெட்டுக்கும் மரை ஒன்றுதான். பிட்டில் அவசரமாக மாற்றும்போது 31 பெட்ரோல் பக்கமும் 18 நைட்ரஸ் பக்கமும் போனால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் எண்ணை இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நோட்டில் எழுதுங்கள்: தேதி, மணி, பாட்டில் எடை, அழுத்தம், தண்ணீரின் வெப்பநிலை, இரண்டு ஜெட், லாம்டா. 26-ம் 15-ம் போட்டு நாலு ஓட்டம் ஓடி, அந்த நோட்டின் நாலு வரியையும் அனுப்புங்கள். 31 போடலாமா என்று அப்போது பார்ப்போம்.